வெட்டின் ஆழம்

இரண்டே முக்காலுக்கு வானத்தைப் பார்த்தால்
ஒன்றும் சொல்லாது.
நட்சத்திரம் நாலைந்து.
பேச்சிப்பாறைப் பக்கம் ஊமை மின்னல் ஒன்று.
வெட்டலாமா வேண்டாமா என்று
கடையாலுமூட்டில் இந்நேரம் எத்தனை பேர்
முற்றத்தில் நிற்கிறார்களோ.

மரத்துக்கு மழைப்பாவாடை கட்டவில்லை இந்த வருஷம்.
ரப்பர் விலை கிடக்கிற கிடையில்
பிளாஸ்டிக் எதற்கு என்றுவிட்டார் முதலாளி.
ஆகவே வானம் பார்த்த வேலை.
ஆகவே, ஆண்டவரே, உம்மைப் பார்த்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் 'தேவரீர்' என்பேன்,
முக்காடிட்டு, பாஸ்டர் காதில் விழும்படி.
இந்த இருட்டில் யார் இருக்கிறார்கள்?
நீரு என்றே கூப்பிடுகிறேன்.
நீரு கேளும்.

தாசையனுக்குத் தொண்டையில் கட்டி.
ஒரு துண்டு சதையை வெட்டியெடுத்து
நெய்யூர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.
இன்றைக்குச் சொல்வார்களாம்.
என்ன சொல்வார்கள் என்று உமக்குப் போன வாரமே தெரியும்.
நேற்று ராத்திரி கஞ்சி இறங்காமல்
உப்புப் போதவில்லை என்று அவர் பொய் சொன்னதும் தெரியும்.
தெரிந்துகொண்டே ஒருவர் இப்படி வாய்மூடி இருந்தால்
எங்கள் வீட்டில் சண்டை வந்திருக்கும்.

நெற்றி விளக்கு ஒரு மரத்தைத்தான் காட்டும்.
அடுத்தது அங்கே நிற்கிறது என்பது காலுக்குத் தெரியும்.
வரிசை பிடித்து நட்ட ஆளை நான் கண்டதில்லை.
ஆனால் பதினைந்தடி நடந்தால் மரம் இருக்கும்.
காற்றில் விழுந்த இரண்டைத் தவிர.
அங்கேயும் குற்றி கிடக்கிறது,
தடுக்கி விழுந்திருக்கிறேன்.

முந்தாநாள் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு
கத்தியை வைக்கிறேன்.
பட்டையோடு நின்றால் பால்.
ஒரு நூல் கூடினால் தடியில் படும்;
அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும்.
பதினேழு வருஷ வெட்டு.
ஆழம் கைக்குத் தெரியும்,
கண்ணுக்கு இல்லை.
நாற்பத்தோராவது மரத்தில் கேட்டேவிட்டேன்:
உம்ம கைக்குத் தெரியுமா?

மரம் ஒன்றும் சொல்லவில்லை. நீரும்.
பால் சரிவில் இறங்கி
சிரட்டையில் சொட்டியது.

நூற்றித் தொண்ணூறில் மழை பிடித்தது.
முதலில் இலையில், பிறகு என் முதுகில்.
வெட்டுவாயில் நிற்காமல் பால் தடியெங்கும் வழிந்து
மரமெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல்.
சிரட்டைகள் நிறைந்தன,
விற்க முடியாத வெள்ளைத் தண்ணீரால்.
நிறுத்தும் என்று கத்தினேன்.
நிறுத்தவில்லை.

நான் சொன்னபடி கேட்பவரைத்தானா
இத்தனை நாள் கடவுள் என்று கும்பிட்டேன்?
அது தோன்றியதும் கோபம் போய்விடவில்லை.
கோபத்துக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.
அதோடு நானும் உட்கார்ந்தேன்,
கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு,
விடியும்வரை.

மூன்று பஸ் மாறிப் போனோம்.
ரிப்போர்ட் வரவில்லை, சனிக்கிழமை வாங்க
என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை.
படி இறங்கும்போது தாசையன்
மிச்சமிருக்கிற குரலில் சொன்னார்:
"அப்போ ரெண்டு நாளைக்கு எனக்கு ஒண்ணும் இல்ல, மேபிள்."
சிரித்தது முதலில் நான்தான்.
திங்கள்சந்தையில் இறங்கி இரண்டு ரசவடை வாங்கினோம்.
அவர் சாற்றை மட்டும் உறிஞ்சினார், மெல்ல மெல்ல.
இரண்டு வடையையும் நான் தின்றேன்.
வெட்கமில்லாமல் பசித்தது.

ராத்திரி
ஈரக் கல்லில் கத்தியைத் தீட்டி
நகத்தில் பதம் பார்த்தேன்.
விளக்குக்குச் சார்ஜ் போட்டேன்.
வெளியே வந்து வானத்தைப் பார்க்கவில்லை;
இரண்டே முக்காலுக்கு முன்பு அது உம்ம பாடு.

நாற்பத்தோராவது மரத்தில்
எனக்கொரு பதில் பாக்கி இருக்கிறது.
நான் மறக்கவில்லை.
நீரும் மறக்கிற ஆள் இல்லை.